தோற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டியது எதை?

கடந்த சில வாரங்களில் வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியவை. சர்ச்சைக்குள்ளான தேர்தல் முடிவைத் தோற்ற தரப்பு ஏற்கத்தான் வேண்டுமா, நாடு இரண்டாகப் பிளந்து நிற்கையில் அப்படிக் கேட்பது நியாயமா, வென்றவரை அதிகார வர்க்கமே விரும்பாவிட்டால் என்ன ஆகும் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை கேள்வி-பதில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சில நூறு வாக்குகளில் முடிவான ஒரு தேர்தலில் எண்ணிக்கையே தவறு என்று உறுதியாக நம்புகிறேன். நம்பாத ஒன்றை ஏற்கச் சொல்வது, மனசாட்சியை அடகு வைக்கச் சொல்வதாகாதா?

பதில்: ஆகாது, ஏனென்றால் உங்கள் நம்பிக்கையை இங்கே யாரும் கேட்கவில்லை. முடிவை ஏற்பவர், எண்ணிக்கை சரியாக நடந்தது என்று சான்று எழுதித் தருவதில்லை; வென்றவர் தகுதியானவர் என்று ஒப்புவதும் இல்லை. சட்டம் யாரிடம் இறுதிச் சொல்லை ஒப்படைத்திருக்கிறதோ அவர் அதைச் சொல்லி முடித்த பிறகு, ‘அந்தப் பதவி எனக்கே உரியது’ என்ற கோரிக்கையைக் கைவிடுகிறார். வென்றவர் சட்டப்படி பிறப்பிக்கும் ஆணைகளுக்குக் கட்டுப்படுகிறார். அவ்வளவுதான். மனத்துக்குள் என்ன நினைக்கிறார், அடுத்த மேடையில் என்ன பேசுகிறார் என்பதெல்லாம் அவர் உரிமை.

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நாடு முழுவதும் பதிவான வாக்குகளில் அல் கோர் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் முன்னிலையில் இருந்தார். ஆனால் முடிவைத் தீர்மானித்தது புளோரிடா மாநிலம். அங்கே பதிவான ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் ஜார்ஜ் புஷ்ஷுக்குச் சான்றளிக்கப்பட்ட முன்னிலை 537. துளை சரியாக விழாத வாக்குச் சீட்டுகளை அதிகாரிகள் கண்ணருகே தூக்கிப் பிடித்து, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் மறு எண்ணிக்கையை முடிவுக்குக் கொண்டுவந்தது. மறுநாள் தொலைக்காட்சியில் பேசிய கோர், தீர்ப்போடு தமக்கு வன்மையான கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அதை ஏற்றுக்கொள்கிறேன் என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொன்னார். நீங்கள் முரண்பாடு என்று கருதுகிற இரண்டும் அங்கே முரணின்றி நின்றன.

அதைவிடக் கடினமான நாள் 2001 ஜனவரி 6. துணை அதிபர் என்ற முறையில், தம் தோல்வியை முறைப்படி பதிவுசெய்யும் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்துக்குக் கோரே தலைமை தாங்க வேண்டியிருந்தது. புளோரிடாவில் கறுப்பின மக்களின் வாக்குகள் புறக்கணிக்கப்பட்டன என்று கூறி, கீழவை உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஆட்சேபம் தெரிவித்தார்கள். ஆட்சேபத்தில் மேலவையான செனட்டின் உறுப்பினர் ஒருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கையெழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, இல்லை என்றதும் ஆட்சேபத்தைத் தள்ளினார் கோர். கையெழுத்து இல்லாததைப் பற்றித் தமக்கு அக்கறையில்லை என்று ஓர் உறுப்பினர் சொன்னபோது, விதிகளுக்கு அக்கறை உண்டு என்று அவர் பதிலளித்தார். தமக்குச் சாதகமான ஆட்சேபங்களைத் தம் கையாலேயே தள்ளுபடி செய்த அந்த மனிதர், தம் நம்பிக்கையை மாற்றிக்கொண்டதாக எங்கும் சொல்லவில்லை.

கேள்வி: அப்படியானால் தோற்றவர் நீதிமன்றம் போவதே தவறா? வழக்குத் தொடுப்பவர்களை எல்லாம் ‘தோல்வியைத் தாங்க முடியாதவர்கள்’ என்று ஏளனம் செய்கிறார்களே?

பதில்: அந்த ஏளனம் தவறானது. நீதிமன்றம் போவது தேர்தலின் ஒரு பகுதி. அந்தக் கதவு திறந்திருப்பதால்தான் தோற்றவர் தெருவுக்கு வரத் தேவையில்லாமல் போகிறது.

வழக்கு வென்ற நாடுகளைப் பாருங்கள். 2016 மே மாதம் ஆஸ்திரிய அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் அலெக்சாண்டர் ஃபான் டெர் பெல்லன் 30,863 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற தரப்பு வழக்குத் தொடுத்தது. பல மாவட்டங்களில் தபால் வாக்குகளின் உறைகள் உரிய நேரத்துக்கு முன்பாகவோ, உரிய ஆள்கள் இல்லாமலோ திறக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. யாரும் வாக்கைத் திருத்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் விதிமீறலுக்கு உள்ளான வாக்குகள் 77,000க்கும் மேல், வெற்றி வித்தியாசமோ அதில் பாதிகூட இல்லை. எனவே முடிவு மாறியிருக்க வாய்ப்பு உண்டு என்று கூறி, அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. அக்டோபரில் நடக்கவிருந்த மறுதேர்தல், தபால் உறைகளின் பசை ஒட்டாமல் பிரிந்துகொண்டதால் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. (ஒரு நாட்டின் அதிபர் தேர்தலைப் பசை ஒத்திவைத்த கதை வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.) மறுதேர்தலிலும் அதே வேட்பாளர் முன்னைவிடப் பெரிய வித்தியாசத்தில் வென்றார், தோற்றவர் அன்று மாலையே வாழ்த்துத் தெரிவித்தார்.

கென்யாவில் 2017 ஆகஸ்டில் நடந்த அதிபர் தேர்தலை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று ரத்து செய்தது. பதவியிலிருக்கும் அதிபரின் வெற்றியை ஆப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று ரத்து செய்தது அதுவே முதல் முறை. முடிவுகளை மின்னணு முறையில் அனுப்பிய விதத்தைத் தேர்தல் ஆணையத்தால் விளக்க முடியவில்லை. கணினிகளைச் சோதிக்க அனுமதியுங்கள் என்ற உத்தரவையும் அது முழுமையாக நிறைவேற்றவில்லை. எண்கள் எதைச் சொன்னாலும், அவை வந்த வழியைச் சரிபார்க்க முடியாவிட்டால் அவற்றுக்கு மதிப்பில்லை என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் நிலை. அதிபர் கென்யாட்டா தீர்ப்பை ஏற்பதாக அறிவித்தார். பிறகு கூட்டங்களில் நீதிபதிகளை வசைபாடவும் செய்தார். வசை அழகல்ல. ஆனால் மறுதேர்தலுக்குப் போனாரா என்றால் போனார், அதைத்தான் ஏற்பு என்று கணக்கில் வைக்க வேண்டும்.

மலாவியில் 2019ஆம் ஆண்டு தேர்தலின் முடிவுப் படிவங்களில் வெள்ளைத் திருத்த மை பூசி எண்கள் மாற்றப்பட்டிருந்தன. மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். எனினும் முடிவு நீதிமன்றத்தில்தான் வந்தது. 2020 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத உடையணிந்து, ராணுவப் பாதுகாப்புடன் வந்து, நாள் முழுவதும் தீர்ப்பை வாசித்துத் தேர்தலை ரத்து செய்தார்கள். ஜூனில் நடந்த மறுதேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் லாசரஸ் சக்வேரா ஏறத்தாழ 59 சதவீத வாக்குகளுடன் வென்றார்.

மூன்று வழக்குகளிலும் தோற்ற தரப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது உறையை, படிவத்தை, கணினிப் பதிவை. ‘எல்லோருக்கும் தெரியும்’ என்பதை யாரும் சான்றாகக் கொண்டுபோகவில்லை.

கேள்வி: எத்தனை கதவுகளைத் தட்டிய பிறகு நிறுத்த வேண்டும்? ஒவ்வொரு தீர்ப்புக்குப் பிறகும் மேல்முறையீடு இருக்கத்தானே செய்கிறது?

பதில்: மேல்முறையீட்டுக்கு ஒரு கடைசிப் படி உண்டு, அதோடு நிறுத்த வேண்டும். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது: தட்டுகிறவருக்குக் கதவு திறக்க வேண்டும் என்ற எண்ணம் உண்மையிலேயே இருக்கிறதா?

அதை அறிய எனக்குத் தெரிந்த நல்ல சோதனை பிரேசிலில் நடந்தது. 2022 அக்டோபர் இறுதியில் நடந்த அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் லூலா 50.9 சதவீதமும் போல்சனாரோ 49.1 சதவீதமும் பெற்றார்கள். குறிப்பிட்ட பழைய மாதிரி இயந்திரங்களில் பதிவான வாக்குகளைச் செல்லாதவையாக அறிவிக்க வேண்டும் என்று போல்சனாரோவின் கட்சி மனுச் செய்தது. அதே இயந்திரங்கள்தாம் முதல் சுற்றிலும் பயன்பட்டன; அந்தச் சுற்றில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அதே கட்சி ஏராளமான இடங்களைப் பிடித்திருந்தது. இயந்திரம் கோளாறு என்றால் முதல் சுற்றையும் சேர்த்து மனுவைத் திருத்தித் தாருங்கள் என்று தேர்தல் நீதிமன்றத்தின் தலைவர் 24 மணி நேரம் அவகாசம் கொடுத்தார். கட்சி மறுத்தது. மனு தள்ளுபடியானதோடு, கெட்ட எண்ணத்துடன் வழக்காடியதற்காக ஏறத்தாழ 2.3 கோடி ரியால் அபராதமும் விதிக்கப்பட்டது. தனக்கு வெற்றி தந்த இயந்திரம் நல்லது, தோல்வி தந்த அதே இயந்திரம் கெட்டது என்ற நிலையில் நிற்பவரிடம் எந்த மறு எண்ணிக்கையைக் காட்டினாலும் பயனில்லை.

அமெரிக்காவில் 2020 தேர்தலுக்குப் பின் டிரம்ப் தரப்பும் ஆதரவாளர்களும் 60க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தொடுத்தார்கள். ஏறக்குறைய எல்லாமே தோற்றன. ஜார்ஜியாவில் ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகள் கையால் மீண்டும் எண்ணப்பட்டன; முடிவு மாறவில்லை. அரிசோனாவின் மிகப் பெரிய மாவட்டத்தில் டிரம்ப்பின் சொந்தக் கட்சியினரே ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்தி மறுபடி எண்ணச் செய்தார்கள். மாதங்கள் கழித்து வந்த அறிக்கையில், பைடனுக்கு 99 வாக்குகள் கூடியிருந்தன, டிரம்ப்புக்கு 261 குறைந்திருந்தன. அதற்குப் பிறகும் சந்தேகம் ஓயவில்லை என்றால், அந்தச் சந்தேகத்துக்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை என்றுதான் கொள்ள வேண்டும். எந்தச் சான்றைக் காட்டினால் தோல்வியை ஒப்புக்கொள்வீர்கள் என்று வழக்குத் தொடுப்பதற்கு முன்பே சொல்ல முடிகிறவரை நான் நம்புவேன்.

கேள்வி: 2016இல் ஹிலாரி கிளின்டன் டிரம்ப்பைவிட ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும் தோற்றார். கூடுதல் வாக்கு பெற்றவர் தோற்கும் முடிவை ஏற்பது எப்படி?

பதில்: போட்டி எந்த விதிப்படி நடந்ததோ அந்த விதிப்படியே முடிவும் அமையும். அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநில வாரியாக நியமிக்கப்படும் தேர்வாளர்கள்; அந்த முறையை மாற்ற வேண்டும் என்று வாதாடலாம். அந்த வாதத்தில் நியாயம் நிறைய இருக்கிறது. ஆனால் அதை அடுத்த தேர்தலுக்காகத்தான் வாதாட முடியும்.

கேள்வி: தோற்ற வேட்பாளரைப் பற்றியே பேசுகிறீர்கள். அதிகாரிகள், வழக்கறிஞர்கள், தளபதிகள், பெருமுதலாளிகள், நீண்ட காலம் ஆண்ட குடும்பங்கள் எல்லோரும் சேர்ந்து, வென்றவர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால்?

பதில்: மற்றக் கேள்விகளைவிட இதற்குக் கூடுதல் இடம் தருவதில் தவறில்லை. தோற்ற வேட்பாளரிடம் ஒலிபெருக்கி மட்டுமே இருக்கிறது. அதிகார வர்க்கத்திடம் சாவி, முத்திரை, கோப்பு, துப்பாக்கி எல்லாமே இருக்கின்றன. ஆகவே யார் முடிவை ஏற்பது முக்கியம் என்று கேட்டால், வேட்பாளரைவிட இவர்கள் ஏற்பதே முக்கியம் என்பேன்.

அவர்கள் ஏற்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு அல்ஜீரியா சாட்சி. 1991 டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி 188 இடங்களை வென்றது. இரண்டாம் சுற்றில் அறுதிப் பெரும்பான்மை உறுதி என்ற நிலையில், 1992 ஜனவரியில் ராணுவம் தலையிட்டு அந்தச் சுற்றையே ரத்து செய்தது. வென்ற கட்சி ஆட்சிக்கு வந்தால் அடுத்த தேர்தலே நடக்காது என்று ரத்தை ஆதரித்தவர்கள் வாதாடினார்கள். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நடக்கக்கூடும் என்று அஞ்சிய ஒன்றைத் தடுப்பதற்காக அவர்கள் செய்த காரியம், ஏறத்தாழ பத்தாண்டுகள் நீடித்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதாகக் கணக்கிடப்படும் உள்நாட்டுப் போருக்கு வழிவிட்டது.

மாறாக, சிலி. சர்வாதிகாரி பினோசே மேலும் எட்டு ஆண்டுகள் பதவியில் நீடிக்கலாமா என்று 1988 அக்டோபர் 5 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. இரவு வெகுநேரம் வரை, எண்ணப்பட்டவற்றில் மிகச் சிறிய பகுதியை மட்டும் வெளியிட்டு, பினோசே முன்னிலை என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிகளோ வாக்குச்சாவடி வாக்குச்சாவடியாகத் தங்கள் முகவர்கள் அனுப்பிய எண்களைத் தனியே கூட்டி வைத்திருந்தன. நள்ளிரவுக்குப் பின் ராணுவ ஆட்சிக்குழுவின் உறுப்பினர்கள் அதிபர் மாளிகைக்கு அழைக்கப்பட்டார்கள். விமானப் படைத் தலைவர் பெர்னாண்டோ மத்தேய் உள்ளே நுழையும்போது, வாசலில் காத்திருந்த செய்தியாளர்களிடம், ‘வேண்டாம்’ தரப்பு வென்றது தமக்கு ஓரளவு தெளிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு முடிவை மறைப்பது முடியாத காரியமாயிற்று. உள்ளே பினோசே அசாதாரண அதிகாரங்களைக் கேட்டபோதும் அவர் இணங்கவில்லை. மத்தேய் ஜனநாயகப் போராளி அல்லர். பதினைந்தாண்டுச் சர்வாதிகாரத்தின் தூண்களில் ஒருவர். அப்படிப்பட்ட ஒருவர் வாசலில் சொன்ன ஒரு வாக்கியம், எதிர்க்கட்சிகளின் நூறு அறிக்கைகளால் ஆகாததைச் செய்தது. ஆனால் முகவர்கள் கூட்டி வைத்த அந்த எண்கள் இல்லாதிருந்தால் அவரும் வாய் திறந்திருப்பாரா என்பது ஐயமே. இதற்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது: தோற்ற பினோசே 1998 வரை தரைப்படைத் தலைவராகவே நீடித்தார்.

இன்று அதிகார வர்க்கம் பெரும்பாலும் பீரங்கியோடு வருவதில்லை, கோப்போடு வருகிறது. 2023இல் குவாத்தமாலாவின் அதிபர் தேர்தலில் ஊழல் எதிர்ப்பை முன்வைத்துப் போட்டியிட்ட பெர்னார்டோ அரேவாலோ, யாரும் எதிர்பாராத விதத்தில் இரண்டாம் சுற்றுக்கு வந்து, ஆகஸ்ட் 20 அன்று ஏறத்தாழ 60 சதவீத வாக்குகளுடன் வென்றார். முடிவைக் குறை சொல்ல வழியில்லாத வித்தியாசம் அது. ஆகவே அரசு வழக்கறிஞர்கள், அவருடைய கட்சி ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்யப்பட்டபோது கொடுத்த கையெழுத்துகளில் மோசடி என்று கூறிக் கட்சியை முடக்க முயன்றார்கள். தேர்தல் தீர்ப்பாயத்தின் அலுவலகத்தில் சோதனை நடத்தி, முடிவு ஏடுகள் இருந்த பெட்டிகளை எடுத்துச் சென்றார்கள்; தீர்ப்பாய நீதிபதிகளே பெட்டிகளைக் கையால் பற்றித் தடுக்கப் பார்த்தார்கள். டிசம்பரில், தேர்தலே செல்லாது என்று வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள். அறிவிக்கப்பட்ட முடிவை மாற்ற இயலாது என்று தீர்ப்பாயம் பதிலளித்தது.

அங்கே முடிவைக் காப்பாற்றியவர்கள் முதன்மையாகப் பூர்வகுடி மக்களின் சமுதாயத் தலைவர்கள். அக்டோபர் தொடக்கத்திலிருந்து சாலைகளை மறித்தார்கள். தலைமை அரசு வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு முன்னால் நூறு நாள்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் அரேவாலோவின் கட்சிக்காரர்கள் அல்லர். வாக்கு எண்ணப்பட்டபடி இருக்கட்டும் என்ற ஒற்றைக் கோரிக்கையே அவர்களுடையது. 2024 ஜனவரி 14 அன்று பிற்பகலில் நடக்க வேண்டிய பதவியேற்பை நாடாளுமன்றத்தில் இழுத்தடித்தும், நள்ளிரவு தாண்டி அது நடந்தேறியது. வென்றவரின் ஆதரவாளர் அல்லாதவர்களும் முடிவுக்காக நிற்கிற இடத்தில், கோப்புகளுக்கு வலிமை குறைந்துவிடுகிறது.

கேள்வி: வென்றவர் உண்மையிலேயே ஆபத்தானவர் என்றால் அதிகாரிகள் கைகட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

பதில்: சட்டவிரோதமான ஆணையைச் செய்ய மாட்டேன் என்று எழுத்துமூலம் மறுக்கலாம், மறுக்க வேண்டும். மனம் ஒப்பாவிட்டால் பதவி விலகி, வெளியே வந்து பேசலாம். ஆனால் சட்டப்படியான ஆணையை உள்ளிருந்தபடியே முடக்குவது, கோப்பைத் தொலைப்பது, தகவலை மறைப்பது ஆகியவை, வாக்காளர் கொடுத்த தீர்ப்பை வாக்காளருக்குத் தெரியாமல் திருத்துவதாகும். நீங்கள் வெறுக்கும் தலைவருக்கு எதிராக இன்று அதைச் செய்பவர், நாளை நீங்கள் விரும்பும் தலைவருக்கு எதிராகவும் செய்வார். அவரைக் கேட்க அப்போது உங்களுக்கு வாய் இருக்காது.

2016இல் டிரம்ப்புக்கு வாக்களிக்கக் கடமைப்பட்ட தேர்வாளர்கள் மனம் மாறி அவரைத் தடுக்க வேண்டும் என்று லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டு வேண்டினார்கள். இறுதியில் டிரம்ப்பைக் கைவிட்டவர்கள் இரண்டு பேர். கிளின்டனைக் கைவிட்டவர்கள் ஐந்து பேர். கொல்லைப்புற வழியைத் திறந்து வைத்தால் அதன் வழியே யார் வருவார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கேள்வி: ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் எதிர்ப்பின் வேகம் போய்விடாதா? தலைவர் பணிந்துவிட்டார் என்று தொண்டர்கள் கலைந்துவிட மாட்டார்களா?

பதில்: சிலர் கலைவார்கள். மெக்சிகோவில் 2006 அதிபர் தேர்தலில் வேட்பாளர் லோபஸ் ஒப்ரதோர் அரை சதவீதத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசத்தில் தோற்றார். எல்லா வாக்குகளையும் மீண்டும் எண்ண வேண்டும் என்று கேட்டார்; தீர்ப்பாயம் ஒரு பகுதி வாக்குச்சாவடிகளில் மட்டும் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. தலைநகரின் முக்கியச் சாலையை வாரக்கணக்கில் மறித்த அவரது ஆதரவாளர்கள், நவம்பரில் பெரிய சதுக்கத்தில் கூடி, அவரையே ‘நியாயமான அதிபர்’ என்று பதவியேற்கச் செய்தார்கள். முழு மறு எண்ணிக்கை கேட்டது நியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த இணைப் பதவியேற்பால் அவருக்கு ஓர் அங்குல அதிகாரமும் வரவில்லை. நடுநிலை வாக்காளர்களில் பலர் விலகினார்கள். 2012இல் மீண்டும் தோற்றார். பிறகு புதிய கட்சி தொடங்கி, ஊர் ஊராகச் சுற்றி, 2018இல் 53 சதவீத வாக்குகளுடன் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் வென்றார். 2006ஐ அவர் இன்றுவரை மோசடி என்றே சொல்கிறார். சொல்லட்டும். அவரை அதிபராக்கியது அந்தக் குற்றச்சாட்டல்ல, 2018இன் வாக்குகள்.

கேள்வி: அமைதிக்காக எந்த முடிவையும் ஏற்கலாம் என்கிறீர்களா? ஏற்பதாலும் அநியாயம் விளையாதா?

பதில்: விளையும், விளைந்திருக்கிறது. 1876இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் சாமுவேல் டில்டனுக்கு 184 தேர்வாளர் வாக்குகள் உறுதியாகியிருந்தன. வெற்றிக்குத் தேவை 185. மீதி 20 வாக்குகள் தகராறில் இருந்தன. 15 பேர் கொண்ட ஆணையம் கட்சி வாரியாகப் பிரிந்து, 8-7 என்ற கணக்கில் இருபதையும் ரதர்போர்ட் ஹேய்ஸுக்கே கொடுத்தது. டில்டன் தரப்பு அடங்கிப்போனதற்குப் பின்னால் ஒரு பேரம் இருந்தது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பாதுகாப்பாக நின்ற மத்தியப் படைகள் அதன்பின் விலக்கிக்கொள்ளப்பட்டன. அம்மக்கள் அடைந்திருந்த வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. அதை மீட்க 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு கட்சிகளும் சமாதானமாகப் போன அந்த ஏற்புக்கான விலையை, பேச்சுவார்த்தையில் இடம்பெறாதவர்கள் கொடுத்தார்கள். ஆகவே, ‘நாட்டு நலனுக்காக ஏற்றுக்கொள்கிறோம்’ என்று இரு தரப்புத் தலைவர்களும் ஒரே குரலில் சொல்லும்போது, திரைக்குப் பின்னால் எது கைமாறியது என்று கேட்பது குடிமகனின் கடமை. நான் ஆதரிப்பது, திறந்த மன்றத்தில், சான்றுகளைப் பார்த்துச் சொல்லப்பட்ட முடிவை ஏற்பதை. மூடிய அறையில் பங்கு பிரித்துக்கொள்வதை அன்று.

கேள்வி: நானும் என் தம்பியும் எதிரெதிர்க் கட்சிகளுக்கு வாக்களித்தோம். என் தரப்பு வென்றது. எல்லாம் மோசடி என்று அவன் சொல்கிறான், பேச்சே நின்றுவிட்டது. புள்ளிவிவரங்களை எல்லாம் அனுப்பிப் பார்த்துவிட்டேன்.

பதில்: புள்ளிவிவரம் அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். வென்ற தரப்பிலிருந்து வரும் புள்ளிவிவரம் தோற்றவர் காதில் எக்காளமாகவே ஒலிக்கும்.

தம்பியின் பேச்சில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கக்கூடும். ஒன்று, எண்ணிக்கை தவறு என்பது. மற்றொன்று, ‘நாடு எங்களைக் கழித்துப்போட்டுவிட்டது’ என்ற வலி. இரண்டாவதை வெளிப்படையாகச் சொல்வது கடினம் என்பதால் பலர் அதை முதலாவதாகச் சொல்கிறார்கள். எந்த வாக்குச்சாவடி, எந்தப் படிவம், எந்த அதிகாரி என்று அவரிடம் நிதானமாகக் கேளுங்கள். மடக்குவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. குறிப்பாக ஒன்றைச் சொன்னால் இருவரும் சேர்ந்தே அதைச் சரிபாருங்கள். 2022இல் கென்யத் தேர்தல் ஆணையம் 46,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் முடிவுப் படிவங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் ஏற்றியது. ஏழு ஆணையர்களில் நான்கு பேர் முடிவிலிருந்து விலகி நின்றார்கள். பதவியிலிருந்த அதிபரும் தோற்றவர் பக்கமே இருந்தார். அவ்வளவு இருந்தும், யார் வேண்டுமானாலும் அந்தப் படிவங்களைக் கூட்டிப் பார்க்க முடிந்ததால், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு விவகாரம் அப்போதைக்குப் பெருமளவு அடங்கியது. தம்பி எதையும் குறிப்பாகச் சொல்லவில்லை என்றால், எண்ணிக்கையைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, இந்த ஆட்சியில் அவருக்கு எது அச்சம் தருகிறது என்று கேளுங்கள்.

உங்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. முடிவு மாறி வந்திருந்தால் நீங்கள் அதை ஏற்றிருப்பீர்களா? தம்பி கேட்பதற்கு முன் அதற்கு நேர்மையான பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ‘தோற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்’ என்று உங்கள் தரப்பினர் யாராவது எழுதினால், அதை மறுத்து ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய புள்ளிவிவரங்களைவிட அந்த வரி தம்பியிடம் சீக்கிரம் போய்ச் சேரும்.

கேள்வி: தோற்றவர் வென்றவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்துவது சட்டப்படி கட்டாயமா? அழைத்துவிட்டுப் பிறகு மறுத்தால் என்ன ஆகும்?

பதில்: கட்டாயமில்லை, அந்த அழைப்புக்குச் சட்ட மதிப்பும் இல்லை. 2000ஆம் ஆண்டு தேர்தல் இரவில் அல் கோர் புஷ்ஷை அழைத்து வாழ்த்திவிட்டு, வித்தியாசம் சுருங்கியதை அறிந்ததும் மீண்டும் அழைத்து அதைத் திரும்பப் பெற்றார். அதில் தவறில்லை; எண்ணிக்கை அப்போது முடிந்திருக்கவில்லை. காம்பியாவில் நடந்தது வேறு வகை. 22 ஆண்டுகள் ஆண்ட யாஹ்யா ஜாம்மே, 2016 டிசம்பர் தேர்தலில் தோற்றதும் தொலைக்காட்சியில் தோன்றித் தோல்வியை ஒப்புக்கொண்டு, வென்ற அடாமா பாரோவைத் தொலைபேசியில் வாழ்த்தினார். ஒரு வாரம் கழித்து, முடிவை நிராகரிப்பதாக அறிவித்தார். பாரோ 2017 ஜனவரி 19 அன்று பக்கத்து நாடான செனகலில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்க நேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு அனுப்பிய படைகள் எல்லையைத் தாண்டிய பிறகே, இரண்டு நாள் கழித்து, ஜாம்மே நாட்டை விட்டு வெளியேறினார். ஆகவே அழைப்பு வந்தால் வென்றவர் நன்றி சொல்லிக்கொள்ளலாம். முடிவுப் படிவங்களின் நகல்களை மட்டும் பதவியேற்பு முடியும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.